திருகோணமலையில் கண்டெடுத்தது உயிர்ச்சுவடுதானா? புதிய சேகரிப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

நிலாவெளியிலோ மூதூர்ப் பக்கமோ பொறுக்கிய ஒன்றை உயிர்ச்சுவடு (புதைபடிவம்) என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவருபவரின் கையில் பெரும்பாலும் இருப்பது அண்மைக்கால முருகைக்கல், சேற்றில் கிடந்து கறுத்த சிப்பி, மாட்டெலும்பு ஆகியவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதற்காகச் சோர வேண்டியதில்லை. எது உயிர்ச்சுவடு அல்ல என்று கழிக்கத் தெரிந்தவருக்கே, உண்மையான ஒன்று அகப்படும்போது அதை அடையாளம் காண முடியும். கழிப்பதற்குப் பழக இந்தக் கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பொருளைப் பார்க்குமுன் பாறையைப் பாருங்கள்

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை முதல் நிலாவெளிக் கடலோரப் பாறைகள் வரை, திருகோணமலையைச் சுற்றியுள்ள கடும்பாறைகள் உருமாறிய பாறைகள். சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, புதிதாகப் படிகமானவை. முன்பு அவற்றில் ஏதேனும் உயிரின் சுவடு இருந்திருந்தாலும் அந்த வேக்காட்டில் தப்பியிருக்காது. ஆகவே இப்படி உருமாறிய குவாட்சைற்றிலோ நைஸ் பாறையிலோ "இலை", "மீன்", "முட்டை" தெரிந்தால், அது என்ன கனிமம் என்று கேளுங்கள். எந்த உயிர் என்று கேட்பதில் பயனில்லை.

உயிர்ச்சுவடுகள், மணலும் சேறும் படிந்து இறுகிய அடையற் பாறைகளில்தான் நிலைக்கும். இலங்கையில் அவை உள்ள இடங்கள் குறைவு. புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவவில் யுராசிக் காலத்து இலைச்சுவடுகள் உள்ளன. புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரை நீளும் மயோசீன் காலச் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணாம்புக்கல்லில் சிப்பி, சங்கினம், கடல் முள்ளெலி, நுண்ணுயிர்களின் ஓடுகள் இருக்கின்றன; அருவக்காலு இதற்குப் பேர்போனது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம் போன்ற, இன்று இத்தீவில் இல்லாத விலங்குகளின் பற்களும் எலும்புகளும் வந்திருக்கின்றன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல இலங்கைச் சிங்கத்தைப் பெயரிட்டு விவரித்தது அப்படிக் கிடைத்த பற்களை வைத்துத்தான்.

அப்படியானால் திருகோணமலையில் தேட என்ன இருக்கிறது? கரையோர மணற்படை, களப்புச் சேறு, ஆற்று வண்டல், சிப்பியும் மணலும் இறுகிய கரைக்கல். புவிச்சரிதவியல் கணக்கில் இவை மிக இளையவை. இவற்றில் கிடைப்பவற்றில் பல, உயிர்ச்சுவடு என்று சொல்லும் அளவுக்குப் பழையவையாகவும் கல்லானவையாகவும் இரா. பொதுவாகப் 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டதை உயிர்ச்சுவடு என்பார்கள்; அதற்கு இளையவற்றை அரை உயிர்ச்சுவடு என்று தனியாக வைக்கலாம். யாழ்ப்பாணக் களப்பில் சேற்றைக் கிண்டி எடுத்த பழஞ்சங்குகள் இந்த இரண்டாம் வகை.

இன்னொன்று: இந்த மண்ணில் கிடந்தது என்பதாலேயே ஒரு கல் இந்த மண்ணுக்கு உரியதாகிவிடாது. வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு லொறியில் வந்த சுண்ணாம்புக்கல்லில் அசல் மயோசீன் சிப்பி இருக்கலாம். பழைய துறைமுகங்களின் ஓரத்தில், கப்பல்கள் அடிப்பாரமாகக் கொண்டுவந்து கொட்டிய வேற்றுநாட்டுக் கற்களும் கிடக்கும்.

எங்கே எடுக்கக்கூடாது

நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 1963இல் சரணாலயம், 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு செத்த முருகைத் துண்டைக்கூட எடுக்கக்கூடாது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதும் குற்றம். திரியாய், சேருவில போன்ற தொல்லியல் இடங்களிலும் அவற்றைச் சுற்றியும் மண்ணைத் தொடவே வேண்டாம். எங்கே கிண்டினாலும் ஓட்டுத்துண்டு, மணி, மனித எலும்பு தென்பட்டால் நிறுத்துங்கள்; அது உயிர்ச்சுவடு வேலை அல்ல, தொல்பொருளியல் திணைக்களத்தின் வேலை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தனியார் காணிக்கும் பொருந்தும். கடலாமை ஓடு, திமிங்கில எலும்பு போன்றவை பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பாகங்கள். படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். கடற்படை வளாகங்களையும் புல்மோட்டைக் கனிய மணல் எல்லையையும் சொல்லவே தேவையில்லை.

போர் நடந்த மாவட்டம் இது. மண்ணில் துருப்பிடித்த உலோகம் தெரிந்தால் தட்டிப் பார்க்காதீர்கள். வந்த வழியே திரும்பி 119க்கு அறிவியுங்கள். மகாவலி கடலில் சேரும் பக்கத்து ஆற்றோரங்களில் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்று சரளை அலசுவது அங்கே கூடாது.

வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, கடல் கரையை அரித்துப் புதிய படைகளைத் திறந்துவிடும். தேடுவதற்கு நல்ல நேரம் கடல் அடங்கிய பின், மாசி பங்குனியில், அரித்த விளிம்புகளில் மணல் மறுபடி மூடுவதற்கு முன்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, 0.1 கிராம் வரை காட்டும் சின்ன இலத்திரனியல் தராசு, ஒரு இரும்பாணி, துளிவிடும் போத்தலில் வினாகிரி, இன்னொரு துளிப் போத்தலில் தண்ணீர், அடிமட்டம், பென்சில், குறிப்புப் புத்தகம், சிப் வைத்த பிளாஸ்ரிக் பைகள். சுத்தியல் பட்டியலில் இல்லாதது தற்செயல் அல்ல. தொடக்ககாலத்தில் சுத்தியலால் கிடைத்ததைவிட உடைந்தது அதிகமாக இருக்கும்.

லென்ஸைப் பிழையாகப் பிடிப்பவர்கள் ஏராளம். பொருளுக்கு மேல் பிடித்துத் தூரத்திலிருந்து பார்ப்பது பயனற்றது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். பொருளை மெல்லக் கொண்டுவாருங்கள். பத்து மடங்கு லென்ஸில் சுமார் 2.5 சென்ரிமீற்றரில் தெளிவாகும். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும்.

எடுக்கும் கணத்தில்

கையால் தொடுமுன் படம் எடுங்கள்: ஒன்று அடிமட்டத்தோடு கிட்டவாக, ஒன்று நாலைந்து மீற்றர் பின்னால் நின்று சுற்றாடலோடு. போனில் வரைபடத்தைத் திறந்து ஆள்கூறுகளைப் பதியுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: தளர்வாகக் கிடந்ததா, படைக்குள் பதிந்திருந்ததா? அலை கொண்டுவந்து போட்டதற்கும், மண்மட்டத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் கீழே சாம்பல்நிறச் சேற்றுப் படையிலிருந்து எடுத்ததற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்தக் குறிப்பு இல்லாத பொருளை எந்த நிபுணரிடம் கொண்டுபோனாலும் அவர் உதட்டைப் பிதுக்குவார்.

நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான மீற்றர் உள்ளே, மண்ணுக்கடியில் மெல்லிய மணற்படையும் அதில் கடற்சிப்பியும் இருந்தால் "ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது" என்று எழுதிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் விட்டுச்சென்ற படையும் அப்படித்தான் இருக்கும். கிணறு வெட்டிய மண், சுண்ணாம்புச் சூளைக் கழிவு, வீதிக்குப் பரப்பிய கிரவல் ஆகியவற்றாலும் சிப்பிகள் உள்நாட்டுக்கு வந்திருக்கும். அக்கம்பக்கத்து வயதானவர்களைக் கேட்டால் பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உப்பை எடுக்காமல் அலுமாரியில் வைக்காதீர்கள்

கடலோரத்தில் எடுத்த எலும்பும் நுண்துளைச் சிப்பியும் மேசையில் இருந்தபடியே சில மாதங்களில் உரிந்து பொடியாகும். உள்ளே ஊறிய உப்பு, காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் கரைந்து மறுபடி படிகமாகித் துளைகளைப் பிளப்பதுதான் காரணம். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாற்றுங்கள். கரையோரக் கிணறு பெரும்பாலும் உவர் என்பதால் குழாய் நீரோ மழைநீரோ எடுங்கள். ஊறிய தண்ணீரில் ஒரு துளியையும், புதுத் தண்ணீரில் ஒரு துளியையும் ஒரே கண்ணாடியில் அருகருகே காயவிடுங்கள். இரண்டின் கறையும் ஒன்றுபோல் ஆகும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். கைப்பிடி அளவு எலும்புக்கு இரண்டு மூன்று வாரம் போகலாம். பிறகு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். மென்மையான தூரிகை போதும், புளீச்சிங் பவுடர் வேண்டாம், வார்னிஷ் வேண்டவே வேண்டாம்: மினுக்கத்துக்காகப் பூசிய வார்னிஷ் அடுத்து வரும் எல்லாச் சோதனைகளையும் கெடுத்துவிடும்.

சோதனைகள்: இந்த ஒழுங்கில்

முதலில் லென்ஸ். வெளிவடிவத்தை நம்பாமல் உடைந்த முகத்தைப் பாருங்கள். உயிரின் அமைப்பு ஒரு விதிப்படி திரும்பத் திரும்ப வரும்: முருகையின் கிண்ணங்களில் நடுவை நோக்கும் தடுப்புகள், சிப்பியின் வளர்ச்சிக் கோடுகள், கடல் முள்ளெலியின் ஐந்து இதழ்கள், எலும்பின் நுண்குழாய்கள். பாறையில் தெரிவது ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட படிகமணிகள் மட்டும் என்றால், வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது கீறல். மறைவான இடத்தில் இரும்பாணியால் ஒரு கோடு. சுண்ணாம்புக் கனிமமான கல்சைற்று கீறுபடும், மணலில் அதிகம் உள்ள கடினமான குவாட்ஸ் கீறுபடாது. ஆனால் குவாட்ஸில் ஆணியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல்நிறக் கோடாக ஒட்டும். புதியவர்கள் அதைக் கீறல் என்று எண்ணிவிடுவார்கள். ஈர விரலால் தேய்த்துவிட்டு, நகம் அந்த இடத்தில் தடக்குகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது வினாகிரி. முதலில் வெறும் தண்ணீர் ஒரு துளி விட்டு லென்ஸால் பாருங்கள். நுண்துளைப் பொருளில் அடைபட்ட காற்று தண்ணீருக்கே குமிழியாக வரும். இதைத் தெரியாமல் நேரே வினாகிரி விட்டால் ஏமாறுவீர்கள். பிறகு சற்றுச் சுரண்டிய இடத்தில் வினாகிரி விட்டு இருபது விநாடி பொறுங்கள். தொடர்ந்து நுண்குமிழி எழுந்தால் சுண்ணாம்பு. தேசிக்காய்ச் சாறும் இதே வேலையைச் செய்யும். முடிந்ததும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பொருள் எதனால் ஆனது என்பதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. நேற்றுச் செத்த மட்டியும் மயோசீன் சிப்பியும் ஒன்றுபோலவே நுரைக்கும்.

வயதைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடியது நான்காவது சோதனை: துளைகள் நிரம்பியிருக்கின்றனவா? புதைந்த பொருளின் வெற்றிடங்களில் காலப்போக்கில் கனிமம் படிந்து அடைக்கும். வீட்டுத் தராசாலேயே இதை அளக்கலாம். நன்கு உலர்ந்த துண்டை நிறுங்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டு, மேற்பரப்பைத் துணியால் ஒற்றி மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் துளைக்குள் புகுந்த ஒரு மில்லிலீற்றர் தண்ணீர். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, ஊறிய துண்டை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் முட்டாதபடி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கனவளவு, மில்லிலீற்றரில்.

எடுத்துக்காட்டாக, உலர்ந்த நிலையில் 120 கிராம், ஊறியபின் 150, தொங்கவிட்டபோது 72 என்றால் துளைகள் 30 மி.லீ., அதாவது 42 வீதம். எஞ்சிய திண்மம் 42 மி.லீ.; 120ஐ 42ஆல் வகுத்தால் அடர்த்தி 2.86. இது துளை திறந்த, இன்னும் அரகோனைற்றாகவே (உயிருள்ள முருகை ஆக்கும் சுண்ணாம்புக் கனிமம்) உள்ள அண்மைக்கால முருகை. இன்னொரு துண்டு 180, 184, 70 என்று காட்டினால் துளை 6 வீதம், அடர்த்தி 2.73: துளைகள் அடைபட்டு, கல்சைற்றாக மாறிய கல். உடைத்த முகத்தில் குட்டிப் படிகங்கள் மினுங்கும். தூய அரகோனைற்றுக்கு 2.93, கல்சைற்றுக்கு 2.71, குவாட்ஸுக்கு 2.65 என்பதை நினைவில் வையுங்கள். இவை ஒன்றுக்கொன்று கிட்டிய எண்கள், ஆகவே 50 கிராமுக்குக் குறைந்த துண்டில் இரண்டாம் தசமத்தை நம்பாதீர்கள். துண்டு நூலில் தொங்கும்போது ஒரு குமிழி ஒட்டியிருந்தாலே கணக்குப் பிசகும். தூரிகையால் தட்டி விடுங்கள்.

எலும்புக்குத் தனிக் கவனம்

கனமாக இருப்பதால் கல்லானது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கடற்பசுவின் விலா எலும்பு உயிரோடு இருக்கும்போதே உள்ளீடற்ற இடமில்லாமல் இறுகிக் கனத்தது. திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் நடமாடுகிறது. திமிங்கிலத்தின் காதெலும்பு, ஒரு பக்கம் சுருண்டு பெரிய சோழி போல இருக்கும், கையில் எடுத்தால் கல்லென்றே தோன்றும். அதே திமிங்கிலத்தின் முள்ளெலும்போ துளைமயம். நிறமும் சாட்சி சொல்லாது: காற்றுப் புகாத களப்புச் சேறு சில ஆண்டுகளிலேயே வெள்ளை எலும்பைக் கறுப்பாக்கிவிடும்.

வெட்டு முகம் தட்டையாக, இணைகோடுகளோடு இருந்தால் அது வாள் பட்ட இறைச்சிக்கடை எலும்பு. மேலே ஆராய ஒன்றுமில்லை. உயரமான, மேற்பரப்பில் பிறை வடிவ எனாமல் மடிப்புகள் கொண்ட பல் என்றால் பெரும்பாலும் மாடு அல்லது எருமை. இவை இரண்டும் இல்லை, சந்தேகம் தீரவில்லை என்றால் ஊசிச் சோதனை: ஊசியைக் குறட்டால் பிடித்து அடுப்பில் சிவக்கச் சூடாக்கி, உடைந்த விளிம்பில் இரண்டு விநாடி தொட்டு முகர்ந்து பாருங்கள். மயிர் கருகும் மணம் வந்தால் எலும்பில் புரதம் எஞ்சியிருக்கிறது, அது இளையது. மணம் வராவிட்டால் "பழையதாக இருக்கலாம்" என்பதோடு நில்லுங்கள். நெடுங்காலம் வெயிலில் வெளுத்த எலும்பும் மணக்காமல் போகலாம். பசையோ வார்னிஷோ பூசியிருந்தால் வேறு நாற்றம் வந்து குழப்பும்.

இந்தக் கரையின் வழக்கமான ஏமாற்றுகள்

தம்பலகாமக் குடாச் சேற்றில் வட்டமான, தட்டையான, ஒளி ஊடுருவும் சிப்பிகள் கிடைக்கும். முத்துக்காக ஒரு காலத்தில் குத்தகைக்கு விடப்பட்ட அதே இனம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கெலார்ட் என்ற இயற்கையியலாளர் அதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சேறேறிக் கறுத்து, தாள் தாளாக உரிவதால் புதியவர்கள் அதை உயிர்ச்சுவடு என்பார்கள், சிலர் தகடு தகடாக உரியும் கனிமமான மைக்கா என்பார்கள். உட்புறத்தில் கீல் அருகே கவிழ்ந்த "வி" வடிவ மேடு இருந்தால் சிப்பி, வினாகிரிக்கும் நுரைக்கும். மைக்கா நுரைக்காது.

மணற்திட்டிகளில் விரல் பருமன் குழாய்கள், கிளைவிட்டு, நடுவில் துளையோடு நிற்கும். எலும்பு என்று கொண்டுவருவார்கள். செடிவேரைச் சுற்றிச் சுண்ணாம்பு மணலை இறுக்கிய வேர்க்குழாய் அது. வேரின் தடம் என்ற வகையில் வைத்திருக்கத் தகுந்ததுதான், வயது மட்டும் தெரியாது. நைஸ் பாறையின் கறுப்பு வெள்ளை வரிகளைக் கல்மரம் என்பது இன்னொரு பிழை. லென்ஸில் மரத்தின் நுண்குழாய்க்குப் பதில் மைக்காத் தகடும் சிவந்த கார்னெட் மணியும் தெரியும். பாறைப் பிளவில் படரும் மங்கனீசுக் கறை இலைபோலக் கிளைக்கும். நடுநரம்பும் தடிப்பும் இருக்காது. கல் தண்ணீரில் மிதந்தால் அது எரிமலை நுரைக்கல்.

உண்மையான மயோசீன் சுண்ணாம்புக்கல் கையில் வந்தால் முழுச் சிப்பியை எதிர்பார்க்காதீர்கள். இத்தகைய கல்லில் ஓடு பெரும்பாலும் கரைந்துபோய், அது இருந்த இடம் பள்ளமாகவும், உள்ளே நிரம்பிய சேறு திருகாணி போன்ற அச்சாகவும் நிற்கும். புதியவர் தூக்கி எறிவது அந்தத் திருகாணியைத்தான். பள்ளத்தில் மெழுகுக் களிமண்ணை அழுத்தி எடுத்தால் ஓட்டின் வெளிப்புறம் அப்படியே வரும்.

எண்ணும் பெயரும்

பொருளின் முக்கியமற்ற பக்கத்தில் நிறமற்ற கியூடெக்ஸ் ஒரு சிறு பூச்சு. காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையால் எண். அதற்கு மேல் இன்னொரு பூச்சு. அதே எண்ணைப் புத்தகத்தில் இடம், ஆழம், படை, திகதி, சோதனை முடிவுகளோடு எழுதுங்கள். சிப்பிகளைப் புது மரப்பெட்டியில் அடைக்காதீர்கள்: மரம் விடும் அமில ஆவியும் நம்மூர் ஈரக்காற்றும் சேர்ந்து மேற்பரப்பில் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். அட்டைப் பெட்டியும் அப்படியே. மூடியில் சில துளைகள் இட்ட பிளாஸ்ரிக் டப்பா நல்லது.

பெயர் எழுதும்போது உறுதியான மட்டத்தில் நிறுத்துங்கள். "இரண்டு ஓடுள்ள சிப்பி, அச்சு, வயது தெரியாது" என்பது நேர்மையான சீட்டு. இணையத்தில் ஒரு படத்தோடு ஒப்பிட்டு இலத்தீன் பெயர் போடுவதைவிட அது பின்னால் அதிகம் உதவும். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் தாண்டி நின்ற பொருள் என்றால் கொழும்பு இயற்கை வரலாற்று நூதனசாலைக்கோ ஒரு பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் (geology) துறைக்கோ முதலில் படங்களை மட்டும் அனுப்புங்கள்: ஆறு பக்கமும் ஒவ்வொரு படம், உடைந்த முகத்தின் லென்ஸ் படம், எடுத்த இடத்தின் படம், உலர் நிறை, ஊறிய நிறை, கனவளவு. பொருளைக் கேட்டால் மட்டும் கொண்டுபோங்கள், கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் விட்டுவிட்டு வராதீர்கள்.